இனிப்பான எஸ்பிரெசோ பிளெண்ட் என்றால் சர்க்கரை கலந்ததா?

இல்லை. எஸ்பிரெசோ என்பது இயந்திரத்தில் வெந்நீரை அழுத்தத்தோடு செலுத்தி இறக்கும் கெட்டியான காப்பி. பிளெண்ட் என்பது வெவ்வேறு ஊர்களில் விளைந்த காப்பிக் கொட்டைகளின் கலவை. புளிப்பும் கசப்பும் அடங்கி, சாக்லேட், கேரமல் போன்ற சுவை முன்னால் வந்தால் அதை இனிப்பான பிளெண்ட் என்கிறார்கள். புளிப்பு குறைவான பிரேசில் கொட்டைகள் இவற்றில் அடிக்கடி இருப்பது அதனால்தான்.

பச்சைக் கொட்டையில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி வறுக்கும்போதே உருமாறி வாசனை, நிறம் போன்றவையாகிவிடுகிறது. ஆக, இந்த இனிப்பை உணர்வதில் நாக்கைவிட மூக்குக்குத்தான் பங்கு அதிகம். வெனிலா எசென்ஸை முகர்ந்தால் இனிப்பு போலவே இருக்கும். ஒரு சொட்டு நாக்கில் விட்டால் கசக்கும். அதே கதைதான் இங்கேயும்.

சரி, வீட்டில் எப்படிப் போடுவது? 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காப்பி, அது இறங்க 25 முதல் 30 விநாடி. இதிலிருந்து தொடங்குங்கள். தூளிலிருந்து புளிப்பு முதலில் இறங்கும், கசப்பு கடைசியில். இனிப்பு தெரிவது இரண்டுக்கும் நடுவில். புளித்து, தண்ணீராக இருந்தால் இன்னும் நைசாக அரையுங்கள். கசந்து நாக்கு வறண்டால் கொஞ்சம் கொரகொரப்பாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இது ரொம்ப முக்கியம்.

அப்புறம், கலக்காமல் குடிக்காதீர்கள். கெட்டியான பகுதி அடியில் தங்கிவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டுக் குடித்தால் இனிப்பு நன்றாகத் தெரியும், எனக்கு அந்த இரண்டாவது வாய்தான் பிடிக்கும்.

கறுப்பாக வறுத்தால் இனிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓர் அளவுக்கு மேல் வறுத்தால் கருகல் கசப்புதான் கூடும்.