வாசகர் கேள்வி பதில்: பயிற்சிக்கு வந்த ஆசிரியர் கையில் சோதனைக் குழாய் இருந்ததா?

வேதியியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஆய்வு வழிக் கற்பித்தல் என்று இரண்டு நாள் பணியிடைப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு நாளும் பவர்பாயின்ட்தான். கருத்தாளர் பேசினார், நாங்கள் குறிப்பெடுத்தோம். திங்கட்கிழமை வகுப்பில் எதை மாற்றுவது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இந்தப் பயிற்சி உண்மையில் எப்படி நடக்க வேண்டும்?
– முதுகலை வேதியியல் ஆசிரியை, அரியலூர் மாவட்டம்

மேடம், உங்களுக்குப் புரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை. கேள்வி முதலில், சோதனை அடுத்து, விளக்கம் கடைசியில் என்பதுதான் இந்த முறையின் சாரம். அதைச் சொல்லித்தரும் பயிற்சியே விளக்கத்தில் ஆரம்பித்து விளக்கத்தில் முடிந்தால் உங்கள் கைக்கு என்ன மிஞ்சும்? நாம் படித்த விதத்தில்தான் நாம் பாடம் நடத்துகிறோம். ஆகவே பயிற்சிக்கு வருகிற ஆசிரியர் முதலில் மாணவராக உட்கார்ந்து, விடை தெரியாத ஒரு கேள்வியோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்ட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தட்டில் கலர் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஏன் என்று கேட்டால் வேதியியல் படித்தவர்களே பெரும்பாலும் ‘ஆக்சிஜன் தீர்ந்துபோனது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது’ என்பார்கள், காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கருத்தாளர் இங்கே ‘தப்பு’ என்று சொல்லவே கூடாது. ‘சரி, மூன்று மெழுகுவர்த்தி வைத்தால்?’ என்று மட்டும் கேட்க வேண்டும், ஒவ்வொருவரும் தன் யூகத்தை எழுதிய பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும். அதே டம்ளர், அதே ஆக்சிஜன், ஆனால் தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். அங்கேதான் விவாதம் பற்றிக்கொள்ளும். யாராவது ஒருவர், தண்ணீர் எரியும்போது மெதுவாக ஏறவில்லை, சுடர் அணைகிற சமயத்தில்தான் சட்டென்று ஏறியது என்று கவனித்துச் சொல்வார். இன்னொருவர் டம்ளர் விளிம்பில் குமிழி வந்ததைப் பார்த்திருப்பார். அப்புறம் மெழுகுவர்த்தியே இல்லாமல், டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டுத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள், அப்போதும் தண்ணீர் ஏறும். சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் பெரிய காரணம், ஏறக்குறைய 16 சதவீத ஆக்சிஜன் மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு சொன்னால் மனதில் நிற்கும்.

முதுகலை ஆசிரியர்களோடு இன்னும் ஒரு படி மேலே போகலாம். மெழுகை C₂₅H₅₂ என்று வைத்துச் சமன்பாட்டைச் சமன்செய்யச் சொல்லுங்கள். 38 மூலக்கூறு ஆக்சிஜன் உள்ளே போனால் 25 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வருகிறது, உண்டாகிற நீராவியில் பெரும்பகுதி தண்ணீராகிவிடுகிறது. ஆக, வாயுவின் அளவு கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. நாம் முதலில் சொன்ன விளக்கம் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இந்த இடத்துக்கு ஒரு ஆசிரியர் தானே வந்து சேர்ந்துவிட்டால், மாணவன் ஒரு அரைகுறை விடை சொல்லும்போது அதை எப்படிக் கையாள்வது என்று அவருக்குத் தனியாக வகுப்பெடுக்கத் தேவையில்லை.

பயிற்சியில் இன்னொன்றும் கட்டாயம் பழக வேண்டும், காத்திருப்பது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று வினாடி மௌனம் நமக்குத் தாங்க முடியாத நீளமாகத் தோன்றும், அதனால்தான் அதைச் சக ஆசிரியர்கள் முன்னால் செய்து பழக வேண்டும் என்கிறேன்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சிக்குச் சரி. நம் நாட்டு அரசுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பயிற்சி எங்காவது நடந்திருக்கிறதா?
– பட்டதாரி ஆசிரியர், தருமபுரி

நடந்திருக்கிறது சார், அதுவும் முப்பது ஆண்டுகள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கினார்கள். கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் முன்நின்றன, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் துணைக்கு வந்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-ல் ஏகலவ்யா அமைப்பு உருவாகி இந்தப் பணியை எடுத்துக்கொண்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான அறிவியல்தான் என்றாலும் அமிலம், காரம், கலவைகளைப் பிரிப்பது என்று வேதியியலும் அதில் உண்டு.

நான் அதில் மதிப்பது ஆசிரியர்களை அவர்கள் நடத்திய விதத்தை. கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி, அதில் பாடப்புத்தகத்தின் சோதனைகளை ஆசிரியர்களே கையால் செய்து, எழுதி, சண்டைபோட்டு முடிவுக்கு வருவார்கள். பயிற்சி முடிந்ததும் ‘போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிடவில்லை. மாதாமாதம் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை வரவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பேசினார்கள். பள்ளிக்கு உபகரணப் பெட்டி போனது. தேர்வையும் மாற்றினார்கள், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறையும் உண்டு. மனப்பாடத்தைச் சோதிக்கிற தேர்வை அப்படியே வைத்துக்கொண்டு ஆசிரியரை மட்டும் மாறச் சொல்வது அநியாயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

கேள்வி: பிளஸ் டூ-வுக்குச் செய்முறை மதிப்பெண் 20. ரெக்கார்டு நோட்டு, சால்ட், டைட்ரேஷன் இதை முடிப்பதற்குள்ளேயே ஆண்டு ஓடிவிடுகிறது. புதிதாக எதைச் சேர்ப்பது?
– வேதியியல் ஆசிரியர், விருதுநகர்

சேர்க்க வேண்டாம், இருப்பதையே கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். ஆக்சாலிக் அமிலத்தை பெர்மாங்கனேட்டால் டைட்ரேட் செய்கிறோம் இல்லையா (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காண்பது), குடுவையைச் சூடாக்கித்தான் ஆரம்பிப்போம், அப்படியும் முதல் சில துளிகளின் நிறம் மெதுவாகப் போகும், அப்புறம் விழ விழ மறையும். வருஷா வருஷம் ஒவ்வொரு மாணவனும் இதைப் பார்க்கிறான், யாரும் ஏன் என்று கேட்பதில்லை, ஏனென்றால் ‘காண்பன’ என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோம்.

அடுத்த முறை டைட்ரேஷனுக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு சோதனைக் குழாயில் ஒரே அளவு ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும், ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை மாங்கனஸ் சல்பேட். சூடாக்காமல் இரண்டிலும் ஒரு துளி பெர்மாங்கனேட். எதில் நிறம் முதலில் போகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். மாங்கனஸ் சல்பேட் போட்ட குழாயில் சீக்கிரம் போய்விடும். இப்போது கேளுங்கள்: கூம்புக் குடுவையில் நாம் மாங்கனஸ் உப்பு போடவே இல்லையே, பின்னால் வேகம் எங்கிருந்து வந்தது? சமன்பாட்டைப் பார்த்து, அது வினையிலேயே உண்டாகிறது என்று யாராவது ஒருத்தி கண்டுபிடிப்பாள். தன் வினைவேகமாற்றி (வினையில் உண்டாகும் பொருளே அந்த வினையை வேகப்படுத்துவது) என்று வரையறையாகப் படித்தது அந்தக் குடுவைக்குள்ளேயே இருந்திருக்கிறது. தேர்வுக்கும் இது வீண் போகாது.

ஒரே ஒரு கண்டிப்பு. ஆய்வு வழி என்றால் கிடைத்ததை எல்லாம் கலந்து பார்ப்பது கிடையாது. புதிதாகச் செய்யச் சொல்கிற எதையும் முதலில் நீங்கள் தனியாகச் செய்து பாருங்கள், அளவு குறைவாக இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் மேசைக்கு வர வேண்டாம். ஆய்வக உதவியாளரையும் திட்டமிடும்போதே கூட உட்கார வையுங்கள், எந்த பாட்டில் எவ்வளவு பழையது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: பி.எட். பாடத்தில் ‘கண்டறி முறை – ஆர்ம்ஸ்ட்ராங்’ என்று படித்தோம். ஆய்வு வழி என்பதும் அதுவும் ஒன்றுதானா? பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டுமா? மோல் என்பதை ஒரு மாணவன் எப்படித் தானாகக் கண்டுபிடிப்பான்?
– பி.எட். மாணவி, திருநெல்வேலி

கண்டுபிடிக்க மாட்டான்மா. மோல் என்பது அணு, மூலக்கூறு போன்ற துகள்களை எண்ண மனிதர்கள் வகுத்துக்கொண்ட அலகு, அதைச் சொல்லித்தான் தர வேண்டும். லண்டன் வேதியியலாளர் ஹென்றி எட்வர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாணவரைக் கண்டுபிடிப்பாளர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அன்றைக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் வழிகாட்டலே இல்லாமல் விட்டால் புதிதாகக் கற்பவர் திணறிப்போவார் என்று 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்களுடைய எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். இன்று ஆசிரியர் பயிற்சியில் நாம் கேட்பது வழிகாட்டப்பட்ட ஆய்வு. சில நாள் கேள்வியும் வழியும் ஆசிரியர் தருவார், முடிவை மட்டும் மாணவர் தேடுவார். பழகியபின் கேள்வியை மட்டும் தருவார். கேள்வியும் மாணவருடையதே என்ற கட்டத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போனாலே போதும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு விட்டுப்பிடிப்பது என்ற கணிப்பு இருக்கிறதே, அதுதான் பயிற்சியில் வளர வேண்டிய திறமை, உங்கள் கற்பித்தல் பயிற்சிக் காலத்திலேயே அதை ஆரம்பியுங்கள்.

கேள்வி: இலங்கையில் 2007 கல்விச் சீர்திருத்தத்தோடு 5இ முறை (ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகள்) வந்தது. ஆசிரியர் வழிகாட்டியில் ஐந்து படிகளும் இருக்கின்றன. படிகளை நிரப்புகிறோம், ஆனால் பிள்ளைகள் யோசிக்கிறார்களா என்பது சந்தேகம்.
– இரசாயனவியல் ஆசிரியர், மட்டக்களப்பு

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐந்து படியும் ஒரே பாடவேளைக்குள் முடிய வேண்டும் என்று எங்கேயும் விதி இல்லை. இரண்டாவது படியான ஆராய்தலுக்கு ஒரு முழுப் பாடவேளையைக் கொடுத்து, விளக்கத்தை அடுத்த நாளைக்குத் தள்ளிப் பாருங்கள். விளக்கம் பிள்ளைகளின் வாயிலிருந்து முதலில் வருகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

கேள்வி: என் பள்ளியில் மூன்று வேதியியல் ஆசிரியர்கள். வெளிப் பயிற்சிக்குக் காத்திராமல் நாங்களே தொடங்க முடியுமா? ஆய்வகமும் சுமார்தான்.
– தலைமை ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

தாராளமாக முடியும் ஐயா. ஆய்வகம் சுமாராக இருந்தால் தரவுகளில் இருந்து ஆரம்பியுங்கள். பென்சில்வேனியாவில் ஃபிராங்க்லின் அண்ட் மார்ஷல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர்கள் 1994-ல் தொடங்கிய போகில் என்ற முறை இதற்குக் கைகொடுக்கும். பாடத்தை விளக்காமல் முதலில் ஒரு அட்டவணையோ படமோ தருவார்கள், அதைப் பற்றிப் படிப்படியான கேள்விகள், சிறு குழுவில் ஒருவர் நடத்துபவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் வகுப்புக்குச் சொல்பவர், ஒருவர் குழு எப்படி வேலை செய்தது என்று கவனிப்பவர்.

பிளஸ் ஒன்-க்கு ஒன்று சொல்கிறேன். முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்): பெரிலியம் 899, போரான் 801, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314 கிலோஜூல்/மோல். வரிசையில் இடமிருந்து வலம் போகப் போக ஏற வேண்டியது இந்த இரண்டு இடத்தில் ஏன் இறங்குகிறது? எலக்ட்ரான் அமைப்பை எழுதிப் பார்த்து அவர்களே காரணம் தேடட்டும்.

மூன்று ஆசிரியர்களும் இந்தத் தாளை முதலில் தாங்களே குழுவாக உட்கார்ந்து செய்யட்டும். பிறகு ஒருவர் பாடம் நடத்த, மற்ற இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் பேசுவதை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், மதிப்பீட்டுப் படிவம் எதுவும் வேண்டாம். அன்று மாலையே அந்தக் குறிப்பை வைத்து அரை மணி நேரம் பேசுங்கள், அடுத்த முறை வேறொருவர் நடத்தட்டும். நீங்கள் செய்ய வேண்டியது கால அட்டவணையில் அந்த மூவருக்கும் வாரத்தில் ஒரே நேரத்தில் ஒரு பாடவேளை காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது, அந்த நேரத்தில் அவர்களைப் பதிலி வகுப்புக்கோ எமிஸ் (பள்ளித் தகவல்களை இணையத்தில் பதிவுசெய்யும்) வேலைக்கோ அழைக்காமல் இருப்பது.