வாசகர் கேள்வி – பதில்: ஜனாதிபதியின் பன்னிரண்டு மாதம்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இலங்கை ஜனாதிபதி பதவியைச் சுற்றியே இருந்தன. கட்சி அரசியலை ஒதுக்கிவிட்டு, அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் பொருந்துகின்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கொடியேற்றம், திறப்புவிழா தவிர, ஜனாதிபதிக்கு இந்த நாளில் இதைச் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஏதும் உண்டா?
– வாசகர், உவர்மலை

உண்டு. ஆனால் அவை தொலைக்காட்சியில் வருகிற நாட்கள் அல்ல. பெப்ரவரி 4 அணிவகுப்பு, மே மாதம் வெசாக், மே 19 படைவீரர் நினைவு எல்லாம் வழக்கத்தால் வந்தவை. அரசியலமைப்பு கேட்பது வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் பாராளுமன்றத்துக்கு வரவேண்டும். வந்தால் உறுப்பினருக்குள்ள சிறப்புரிமை எல்லாம் உண்டு, வாக்களிக்க மட்டும் முடியாது. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் அரசின் கொள்கைப் பிரகடன உரையை அவர்தான் ஆற்றுவார். பத்தாவது பாராளுமன்றத்துக்கு அந்த உரை 2024 நவம்பர் 21 அன்று நடந்தது. இது வருடாந்தச் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கூட்டத்தொடரை முடித்துப் பாராளுமன்றத்தை ஒத்திவைத்து மறுபடி கூட்டினால்தான் அடுத்த உரை. ஒத்திவைப்பு இரண்டு மாதத்துக்கு மேல் போகவும் கூடாது. ஒத்திவைத்தால் கோப் (அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் பாராளுமன்றக் குழு) போன்ற குழுக்கள் கலைந்து, புதிதாக அமைக்கப்படும் வரை அவற்றின் விசாரணைகள் நின்றுபோகும். 2021 டிசெம்பரில் அதுதான் நடந்தது.

நிதி அமைச்சைத் தன்னிடம் வைத்திருக்கும் ஜனாதிபதிக்கு வரவு செலவுத் திட்டமும் சேர்ந்துவிடும். 2025இல் அது இரண்டு தடவை வந்தது. தேர்தல்களால் பிந்திய 2025 வரவு செலவுத் திட்டம் பெப்ரவரி 17இலும், 2026க்கானது நவம்பர் 7இலும் சமர்ப்பிக்கப்பட்டன. ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தைக் கையில் எடுத்தால் முதலாம் தலைப்பே ஜனாதிபதிதான். அவருடைய செலவையும் குழுநிலையில் எதிர்க்கட்சி பிரித்து மேயலாம்.

சட்டமூலம் ஜனாதிபதியின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது என்று இந்தியத் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். இங்கும் அப்படித்தானா?
– வாசகர், தம்பலகாமம்

இல்லை. இங்கே சட்டமூலத்தில் சான்றுரை எழுதிக் கையொப்பமிடுபவர் சபாநாயகர். மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டு நிறைவேறிய சட்டமூலம் மட்டுமே ஜனாதிபதியின் சான்றுரைக்குப் போகும். “ஜனாதிபதி கையெழுத்திடாமல் வைத்திருக்கிறார்” என்று யாராவது சொன்னால், அவர் சென்னைச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அவசரகால நிலையை ஜனாதிபதி நினைத்த அளவு காலம் வைத்திருக்கலாமா?
– வாசகர், மூதூர்

முடியாது. பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பிரகடனத்தின் ஆயுள் ஒரு மாதம். அதுவும் பாராளுமன்றத்துக்கு உடனே அறிவிக்கப்பட்டு, அங்கே அங்கீகாரம் கிடைக்காவிட்டால் 14 நாளோடு முடிந்துவிடும். தொடர வேண்டுமானால் மாதாமாதம் புதிய பிரகடனம், புதிய விவாதம், புதிய வாக்கெடுப்பு. 2011 ஓகஸ்ட் வரை நம் தலைமுறை பார்த்தது இந்த மாதாந்த வாக்கெடுப்பைத்தான். டித்வா புயல் வெள்ளம் உங்கள் பக்கமும் வெருகலிலும் புகுந்தபோது, 2025 நவம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்ததும் இதே சட்டம்தான். நிவாரணத்துக்கென்று போட்டாலும் அதிகாரம் அதே அதிகாரம் என்பதால், பிரகடனத்தோடு வரும் ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் தேடி வாசிப்பது நல்லது. எது தடை, எது அனுமதி என்பது அங்கேதான் இருக்கும்.

சுதந்திர தினத்தில் தமிழில் தேசிய கீதம் பாடுவது ஜனாதிபதியின் விருப்பமா, சட்டமா?
– ஆசிரியை, நிலாவெளி

தமிழ் வடிவம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலேயே இருக்கிறது. மொழிபெயர்த்தவர் மு. நல்லதம்பி. ஆகவே பாடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. கொழும்பு விழாவில் பாடுவதா என்பதைத்தான் அந்தந்த அரசு தீர்மானிக்கிறது. 2016இல் பாடினார்கள், 2020இல் விட்டுவிட்டார்கள். உங்கள் பாடசாலையில் தமிழில் பாட யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பெருநாட்களில் ஜனாதிபதி கொடுக்கும் பொது மன்னிப்பில் ஒருவருடைய பெயர் எப்படிச் சேர்கிறது? கொழும்பில் ஆள் பிடித்தால் நடக்குமா?
– வாசகி, திருகோணமலை நகர்

ஆள் பிடிக்கச் சொல்லிக் காசு கேட்பவரிடமிருந்து முதலில் விலகி நில்லுங்கள்.

மன்னிப்பில் இரண்டு வகை உண்டு. சுதந்திர தினம், வெசாக், நத்தார் போன்ற நாட்களில் வருவது பொதுவான மன்னிப்பு. அதற்கு ஆளைப் பார்ப்பதில்லை, தகைமையைத்தான் பார்ப்பார்கள். தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்கள், வயதானவர்கள், தண்டனையில் குறித்த பகுதியைக் கழித்தவர்கள் என்று வகுப்புகள் குறிக்கப்படும். எந்தக் குற்றங்கள் விலக்கு என்பதும் குறிக்கப்படும். ஒவ்வொரு சிறைச்சாலையும் தன் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் தயாரிக்க, அது சிறைச்சாலைகள் தலைமையகம், நீதி அமைச்சு வழியாக ஜனாதிபதியிடம் போகும். பிழை பெரும்பாலும் பதிவேட்டில்தான் நேரும். இன்னொரு வழக்கில் விளக்கமறியல் இருந்தால் பெயர் பட்டியலில் இருந்தும் வெளியே வர முடியாது. ஆகவே குடும்பத்தார் செய்யக்கூடிய ஒரே பயனுள்ள வேலை, சிறைச்சாலை நலன்புரி அலுவலரிடம் போய் எல்லா வழக்கு இலக்கங்களும் தண்டனைத் திகதிகளும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது.

பட்டியலுக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு 2025 வெசாக் உதாரணம். ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டது வெளியே வந்து, சிறைச்சாலை உயரதிகாரிகளே கைதானார்கள்.

இரண்டாவது வகை தனி ஆளுக்குரியது. மரண தண்டனைக் கைதி என்றால் 34ஆம் உறுப்புரை படி வரிசையைச் சொல்கிறது: விசாரித்த நீதிபதியின் அறிக்கை, அதன்மேல் சட்டமா அதிபரின் ஆலோசனை, பிறகு நீதி அமைச்சரின் சிபாரிசு, கடைசியாக ஜனாதிபதி. இந்தப் படிகளை ஒப்புக்குத் தாண்டினால் நீதிமன்றம் விடாது. கொலை வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 2021இல் கொடுத்த மன்னிப்பை, 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தூக்குமேடை 1976க்குப் பிறகு பயன்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மரண தண்டனை என்று கேட்டவுடன் பல தாய்மார் பதறுகிறார்கள்.

இந்தியப் பிரதமர் வந்தபோது சம்பூர் சூரியமின் திட்டத்தைக் கொழும்பிலிருந்தே தொடக்கினார்களே, அது என்ன முறை?
– வாசகர், சம்பூர்

அரசமுறை விஜயம் ஒன்றில் ஊர் ஊராகப் போக நேரம் வராது. 2025 ஏப்ரல் 5 அன்று காலையில் சுதந்திர சதுக்கத்தில் மரியாதை அணிவகுப்பு, பிறகு ஜனாதிபதியுடன் பேச்சு, உடன்படிக்கைகள் கைமாற்றம், ‘ஸ்ரீலங்கா மித்ர விபூஷண’ விருது என்று வரிசை நீண்டது. அதற்குள் சம்பூரின் 120 மெகாவாட் திட்டத்தையும் காணொளி வழியாகத் தொடக்கிவைத்தார்கள். அடிக்கல்லுக்கும் மின்சாரத்துக்கும் இடையே நெடுந்தூரம் என்பது சம்பூராருக்குப் புதிய செய்தியல்ல. இதே இடத்துக்கு முன்னர் பேசப்பட்ட அனல்மின் நிலையம் கடைசியில் வரவேயில்லை.

திருகோணமலைக்கு அன்று வேறு இரண்டு விடயங்களும் வந்தன. இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்து நம் துறைமுகத்தை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று. திருக்கோணேஸ்வரக் கோவில் அபிவிருத்திக்கான இந்திய உதவி மற்றையது. புரிந்துணர்வு உடன்படிக்கை என்பது ஒப்பந்தம் அல்ல. விலை, காணி, கால எல்லை எல்லாம் அதன் பிறகுதான் பேசப்படும்.

எங்கள் தம்பி கடற்படை அதிகாரியாக வெளியேறுகிறார். ஜனாதிபதி வருவாரா?
– வாசகர், சீனக்குடா

கடற்படைக் கல்லூரி டொக்கியாட் கடற்படைத் தளத்துக்குள், விமானப்படைக் கல்லூரி உங்கள் வாசலில். இரண்டிலும் அதிகாரமளிப்பு அணிவகுப்புக்கு முப்படைத் தளபதி என்ற முறையில் ஜனாதிபதிகள் வருவதுண்டு, ஒவ்வொரு முறையும் அல்ல. வராவிட்டாலும் அதிகாரிக்கான ஆணை ஜனாதிபதியின் பெயரில்தான் வரும். வருகிறார் என்றால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அழைப்பிதழிலுள்ள பெயரும் தேசிய அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறி வாசலில் நின்ற அம்மாமார் உண்டு. பெரிய பையும் வேண்டாம்.

ஜனாதிபதிக்கு மனு எழுதினால் யார் வாசிக்கிறார்கள்? மருத்துவ உதவி கேட்பது எப்படி?
– வாசகி, கிண்ணியா

மனுவை வாசிப்பது ஜனாதிபதி செயலகத்தின் உத்தியோகத்தர்கள். அவர்கள் முடிவெடுப்பதில்லை. காணி என்றால் பிரதேச செயலகத்துக்கு, சம்பளம் என்றால் திணைக்களத்துக்கு என்று அறிக்கை கேட்டு அனுப்புவார்கள். ஆகவே கடைசியில் உங்கள் கடிதம், நீங்கள் ஏற்கனவே அலைந்த அதே மேசைக்குத்தான் வரும், மேலிடத்துக் கடிதம் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டிய கட்டாயம் அந்த மேசைக்கு வந்துவிடுகிறது. மனுவின் பலன் அதுதான்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கிராம உத்தியோகத்தர் பிரிவு. அடுத்து ஒரே ஒரு கோரிக்கை. கீழே இதுவரை எந்த அலுவலகம் என்ன திகதியில் என்ன பதில் தந்தது என்பது, அந்தப் பதில்களின் பிரதியோடு. மூலப் பத்திரத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள். பத்து இடத்துக்குப் பிரதி போடுவது பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் ஒவ்வோர் அலுவலகமும் மற்றவர் பார்ப்பார் என்று கோப்பை மூடிவிடும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைப் பற்றி எழுதிப் பயனில்லை. பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமை 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சிங்களத்தில் பதில் வந்தால் அதைச் சுட்டித் திருப்பி எழுதுங்கள்.

மருத்துவ உதவி வேறு வழி. அது 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான ஜனாதிபதி நிதியம். முன்னர் கொழும்புக்குப் போகவேண்டி இருந்தது. 2025 முதல் கிண்ணியா பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தை ஒப்படைக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து பற்றுச்சீட்டுகளோடு போவதுதான் மக்கள் செய்யும் பெரிய பிழை. வைத்தியர் திகதி சொன்ன அன்றே விண்ணப்பத்தை எடுங்கள். வைத்தியர் நிரப்பும் பகுதியில் நோயின் பெயர், சிகிச்சை, மதிப்பீட்டுத் தொகை, முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று அவர் அறையை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள்.

ஜனாதிபதியின் வெளிநாட்டுப் பயணச் செலவைச் சாதாரண ஆள் கேட்டுப் பெறலாமா?
– பல்கலைக்கழக மாணவர், சாம்பல்தீவு

பெறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு. “எல்லாச் செலவும்” என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். பயணத்தின் திகதி, நாடு, குழுவில் எத்தனை பேர், விமானச் சீட்டு, தங்குமிடம் என்று உடைத்துக் கேளுங்கள்.

ஜனாதிபதி கோபம் வந்தால் பாராளுமன்றத்தைக் கலைத்துவிடலாமா?
– வாசகர், குச்சவெளி

முதல் அமர்விலிருந்து இரண்டரை வருடம் போகவேண்டும். இப்போதைய பாராளுமன்றத்துக்கு அது 2027 மே 21. அதற்கு முன் என்றால் பாராளுமன்றமே தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 9 அன்று அந்த எல்லை நாலரை வருடமாக இருந்தபோது கலைத்தார்கள். வழக்குப் போனது. டிசெம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். அந்தத் தீர்ப்பைத் தேடி வாசிக்க விரும்பினால் முதல் மனுதாரரின் பெயரில் தேடுங்கள்: மறைந்த இராஜவரோதயம் சம்பந்தன், அப்போது நம் திருகோணமலை மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.