ஸ்டோரில் உள்ள டாஸ் கணினியைக் கம்பத்திலிருந்து இயக்க முடியுமா?

கேள்வி: வண்டன்மேடு பக்கம் எங்களுக்கு ஏலத்தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் இருக்கின்றன. ஸ்டோரில் ஒரு பழைய 486 கணினி, அதில் விண்டோஸுக்கு முந்தைய எம்எஸ்-டாஸ் 6.22 இயங்குதளம். பச்சைக்காய் எடை, ஆள்கூலி, உலர்காய் இருப்பு எல்லாம் அதில் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய ஒரு நிரலில்தான் ஓடுகின்றன. கணக்கப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது. நான் கம்பத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கம்பம்மெட்டு ஏறிப் போகாமல், வீட்டிலிருந்தே அந்தத் திரையைப் பார்க்கவும் ஒரு பதிவைத் திருத்தவும் வழி உண்டா? எனிடெஸ்க் என்ற தொலை இயக்க நிரலைப் போடச் சொல்கிறார்கள், அது ஏறவே மாட்டேன் என்கிறது.

பதில்: எனிடெஸ்க் ஏறாது, விட்டுவிடுங்கள். விண்டோஸ் மாதிரி பல வேலைகளை ஒரே நேரத்தில் பார்க்கும் இயங்குதளம் அதற்கு வேண்டும். டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான். நினைவகத்தின் ஓரத்தில் தங்கி, மற்ற நிரல் ஓடும்போதும் விழித்திருக்கும் குட்டி நிரல்கள் மட்டும் இதற்கு விலக்கு. அந்தக் காலத்துத் தொலை இயக்க நிரல்களான பிசிஎனிவேர், கார்பன் காப்பி எல்லாம் இந்த வகைதான், மோடம் வழியாக வேலை செய்தன. பிசிஎனிவேர் விற்பனை 2014-லேயே நின்றுவிட்டது, அதன் டாஸ் பதிப்பு வழக்கொழிந்தது அதற்கும் வெகு முன்னால். எங்காவது பழைய ஃபிளாப்பியில் கிடைத்தாலும் டாஸ் நிரல்களுக்கு உள்ள 640 கேபி நினைவகத்தில் ஃபாக்ஸ்புரோவோடு மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

டாஸ் தெரிந்த நண்பர் யாராவது, 'சிடிடிஒய் கட்டளை இருக்கிறதே' என்று சொல்லக்கூடும். அது உண்மையில் இருக்கிறது. சீரியல் போர்ட்டை மோட் கட்டளையால் நொடிக்கு 9600 பிட் வேகத்துக்கு அமைத்து, 'சிடிடிஒய் காம்1' என்று அடித்தால் திரையும் விசைப்பலகையும் கேபிளின் மறுமுனைக்குப் போய்விடும். 'டிர்' என்று அங்கிருந்து அடித்தால் கோப்புப் பட்டியல் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஃபாக்ஸ்புரோவைத் திறந்தீர்களோ, உங்கள் பக்கம் வெறும் திரைதான். மெனு ஸ்டோரில் இருக்கிற மானிட்டரில் வரும், விசையும் அங்கே இருக்கிறவர் அடித்தால்தான் ஏறும்.

காரணம் இதுதான். டாஸிடம் 'இந்த எழுத்தைத் திரையில் போடு' என்று கேட்டு எழுதும் நிரல்கள் ஒரு வகை, டாஸைக் கேட்காமல் வீடியோ நினைவகத்தில் தாங்களே நேராக எழுதிவிடும் நிரல்கள் இன்னொரு வகை. வேகத்துக்காக ஃபாக்ஸ்புரோ, லோட்டஸ் போன்ற பெரிய நிரல்கள் எல்லாம் இரண்டாம் வழியைப் பிடித்தன. சிடிடிஒய் திசைதிருப்புவது முதல் வகையை மட்டும். உங்கள் நிரல் எந்த வகை என்று நீங்களே பார்க்கலாம்: அதைத் தொடங்கும் கட்டளைக்குப் பின்னால் 'அதைவிடப் பெரியது' (>) குறியும் ஒரு கோப்புப் பெயரும் போட்டு ஓட்டுங்கள். திரையில் எதுவும் வராமல் எல்லாம் கோப்புக்குள் போனால் முதல் வகை. மெனு வழக்கம்போல் மானிட்டரில் வந்தால் இரண்டாம் வகை. உங்களுடையது மெனுவைத்தான் காட்டும், அதில் சந்தேகமில்லை.

ஆக, இரண்டு வழிதான் மிஞ்சுகிறது. கணினிக்கு உள்ளே எதையும் போடாமல் வெளியிலிருந்து அதன் திரையைப் பிடிப்பது ஒன்று. நிரலை அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுவது மற்றொன்று.

முதல் வழிக்கு ஐபி-கேவிஎம் என்று ஒரு கருவி உண்டு. மானிட்டருக்குப் போகும் சிக்னலை வாங்கி நெட் வழியாக உங்களுக்குக் காட்டும், நீங்கள் அடிக்கும் விசையைக் கணினிக்கு விசைப்பலகை போலவே கொடுக்கும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்துச் செய்யும் பைகேவிஎம் இதில் பிரபலம். வாங்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். டாஸின் எழுத்துத் திரை 720-க்கு 400 புள்ளி, நொடிக்கு 70 தடவை. விஜிஏ-வை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவான மாற்றிகள் பல இந்தக் கணக்கைப் பார்த்ததும் 'சிக்னல் இல்லை' என்று கைவிரித்துவிடும், அல்லது ஓர எழுத்துகளை வெட்டிவிடும். திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சோடு வாங்குங்கள். அடுத்தது விசைப்பலகை: இந்தக் கருவிகள் பொதுவாக யுஎஸ்பி விசைப்பலகையாக நடிப்பவை, 486-க்கு அது புரியாது. பழைய வட்டமான பிஎஸ்-2 விசைப்பலகை இணைப்பில் பேசும் பைக்கோ என்ற சின்னச் சுற்றுப் பலகை ஒன்றைப் பைகேவிஎம்மோடு சேர்க்கலாம். உங்கள் பெட்டியில் தடித்த ஐந்துமுனை சாக்கெட் இருந்தால் சாதாரண அடாப்டர் போதும், மின்சார ரீதியில் இரண்டும் ஒன்றே.

இன்னொரு வேடிக்கை. ஃபாக்ஸ்புரோவில் திருத்தியதைச் சேமித்து மூட கன்ட்ரோல்-டபிள்யூ அடிப்பீர்கள். பைகேவிஎம்மைப் பிரவுசரில்தான் பார்ப்பீர்கள், அங்கே அதே விசை டேபை மூடிவிடும்! கருவியின் திரையிலேயே இருக்கும் விசைப்பலகையிலிருந்து அதை அனுப்பப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் பழைய கணினியைத் தொடவே வேண்டாம் என்பது நல்லது. ஆனால் முப்பது வருஷம் கண்ட வன்தட்டு அப்படியேதான் இருக்கும். அதனால் என் கை இரண்டாம் வழிக்கே போகிறது.

நிரலையும் தரவையும் முதலில் முழுசாக நகலெடுங்கள். வன்தட்டைக் கழற்றி ஐடிஇ-யுஎஸ்பி மாற்றியில் செருகுவது எளிது. அது மிகப் பழைய தட்டைப் படிக்கவில்லை என்றால் டாஸ் 6-இல் உள்ள இன்டர்லிங்க், இன்டர்சர்வர் ஜோடி இருக்கிறது: டாஸ் போட்ட இன்னொரு கணினியைக் நல்-மோடம் எனும் சீரியல் குறுக்குக் கேபிளால் இணைத்து, கோப்புகளை அதற்கு மாற்றலாம். பிறகு ஒரு பழைய மினி பிசியில் லினக்ஸ் போட்டு, டாஸ் கணினி போல நடிக்கும் டோசெமு2 என்ற எமுலேட்டரில் நிரலை ஓட்டுங்கள். அதை எழுத்து முனையத்திலேயே ஓடவைக்கலாம். அப்போது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை நுழைவு வழியாகக் கம்பத்திலிருந்து நுழைந்தால் உங்களிடம் வருவது படமல்ல, எழுத்துகள் மட்டும். வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி, ஒவ்வோர் எழுத்துக்கும் நிறத்தோடு சேர்த்து இரண்டு பைட், முழுத்திரையே 4000 பைட்தான். மலையில் சிக்னல் ஒரு கோடு காட்டுகிற நாளிலும் இது வேலை செய்யும். வீடியோ அனுப்பும் கேவிஎம் அந்த நாளில் திணறும்.

அதை டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓட்டினால், கணக்கப்பிள்ளையும் நீங்களும் ஒரே திரையைப் பார்க்கலாம். லைன் அறுந்தாலும் நிரல் நிற்காது. ஒன்று மட்டும்: கர்சர் தானாக நகர்வதைப் பார்த்து அவர் பயந்துவிடுவார், போன் போட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நிரலின் இரண்டு பிரதிகளை ஒரே டேட்டாவில் திறக்கவே வேண்டாம், இண்டெக்ஸ் குழம்பிவிடும்.

இந்த வழி சிக்கும் இடங்களும் உண்டு. பிரிண்டர் போர்ட்டில் பூட்டு மாதிரி ஒரு குட்டிப் பெட்டி செருகியிருந்தால், அது இல்லாமல் நிரல் திறக்காது. திரையில் தமிழோ மலையாளமோ வருகிறதென்றால் உள்ளே இந்திய எழுத்துகளைக் காட்டும் சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு இருக்கக்கூடும். அதை எமுலேட்டர் தராது, அப்போது கேவிஎம்தான். எடைத் தராசு சீரியல் கேபிளில் நேரடியாக எடை கொடுக்கிறதென்றால், அந்தப் போர்ட்டை டோசெமுவுக்கு உள்ளே அனுப்பும் அமைப்பு செய்ய வேண்டும், செய்யக்கூடியதே. வேகமான கணினியில் ஃபாக்ஸ்புரோ தொடங்கும்போதே வகுத்தல் பிழை காட்டி நின்றால், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இன்னொரு எமுலேட்டருக்கு மாறி அதில் வேகத்தைக் குறையுங்கள்.

நெட் இணைப்பு பற்றி: ஸ்டோரில் சிம் போட்ட ரவுட்டர் என்றால் வெளியிலிருந்து நேரே நுழைய விலாசம் கிடைக்காது, பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். இரு இடத்துக் கணினிகளைத் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை இரு பக்கமும் போட்டால் அது தீர்ந்தது. மறைக்குறி இல்லாத பழைய தொலை நுழைவான டெல்நெட்டின் கதவை நெட்டில் திறந்து வைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். டாஸுக்குக் கடவுச்சொல் என்ற சமாச்சாரமே கிடையாது, உள்ளே வந்தவர் கூலிக் கணக்கை ஒரே கட்டளையில் அழித்துவிடுவார்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி அங்கே சாதாரணம். தராசுக் கொட்டகையிலிருந்து அலுவலக அறைக்கு இழுத்த சீரியல் கேபிள் 15 மீட்டருக்கு மேல் போனால், அது இடிக்குக் கொடுக்கும் அழைப்பு. சிக்னலை ஒளியாகக் கடத்தி மின்தொடர்பைத் துண்டிக்கும் ஆப்டோ-ஐசோலேட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள், யுபிஎஸ் வையுங்கள்.

காய் எடுப்பு மும்முரமாக இல்லாத மாதத்தில் மாற்றத்தைச் செய்து, ஒரு வாரக் கூலிப் பட்டியலை இரண்டிலும் அச்சிட்டு ஒப்பிடுங்கள். பைசா வரை ஒத்துப்போன பிறகே 486-ஐ நிறுத்துங்கள். எடுத்து வைக்கும்போது மதர்போர்டில் நீல நிறப் பீப்பாய் போன்ற பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும், பிறகு அவசரத்துக்குக்கூட அந்தப் பெட்டி உதவாது.