டெக்சாஸில் இடுப்பில் துப்பாக்கி: எச்-1பி விசாக்காரருக்கு அனுமதி உண்டா?

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும்படி கைத்துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார். "இங்கே லைசென்ஸே வேண்டாம், என்னிடம் இருக்கும் ஒன்றை நீ வைத்துக்கொள்" என்கிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக வருவதால் எனக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது. வாங்கிக்கொள்ளலாமா? டென்வருக்கு மாற்றலாகும் வாய்ப்பும் இருக்கிறது.

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அவருக்குச் சரி. உங்களுக்கு அது சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் வழியாகிவிடும்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய ஒருவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். வெளியே தெரிந்தால் அது உறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சலுகை, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தில் தடையில்லாதவர்களுக்கு மட்டும். அந்தத் தடை மத்திய அரசின் சட்டத்திலும் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 922(ஜி)(5) பிரிவு, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. வேலைக்கான எச்-1பி, மாணவர்களுக்கான எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். ஐ-140 அப்ரூவ் ஆனதால் உங்கள் விசா நிலை மாறிவிடாது. கிரீன் கார்டு கையில் வந்த பிறகுதான் இந்தத் தடை விலகும். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அதுவே நாடு கடத்தவும் காரணமாகும். விலை கொடுத்து வாங்கினால்தான் குற்றம் என்றும் நினைக்காதீர்கள். நண்பருடையதை அலமாரியில் வைத்திருந்தாலும், துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் உங்கள் வசம் இருந்ததாகத்தான் கணக்கு.

ரெஹைஃப் என்ற மாணவரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். படிப்பில் பின்தங்கியதால் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. விசா நிலையும் போய்விட்டது. அப்புறம் அவர் ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தன் விசா நிலை முடிந்தது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தத் தீர்ப்பை நிற்க விடவில்லை. ஆனால் உங்களுக்கு அந்த வாதம் கைகொடுக்காது. நீங்கள் எச்-1பியில் இருப்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால், முறையான விசா நிலையில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். "அதை எடுத்துவிட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். நான் அதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். உரிமம் காலாவதியான மறுநாளே வீட்டிலிருக்கும் துப்பாக்கி குற்றமாகிவிடும். வேலை போய், அதிகபட்சம் 60 நாள் என்னும் அவகாசமும் கடந்து, சட்டப்படியான நிலை இல்லாமல் தங்கினால், வேட்டை உரிமம் இருந்தும் பயனில்லை. அந்த விலக்கு விசாவில் இருப்பவர்களுக்குத்தான். லே-ஆஃப் சமயத்தில் யாருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்?

கிரீன் கார்டு வந்த பிறகும், எங்கே மாட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் கடை வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 30.05 என்ற சட்டப்பிரிவு எண் இருந்தால் லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது. 30.07 என்றால், லைசென்ஸ் உள்ளவரும் வெளியே தெரியும்படி கொண்டு போகக் கூடாது. போர்டே இல்லாவிட்டாலும், உரிமையாளர் வாயால் சொன்னால் வெளியேறத்தான் வேண்டும். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் பார்களில் சிவப்பு எழுத்தில் 51% என்ற பலகை இருக்கும். அங்கே துப்பாக்கியோடு நுழையாதீர்கள். பள்ளிகளும் அப்படித்தான்.

டென்வர் கதை வேறு. டெக்சாஸில் நகரங்கள் தாமாகத் துப்பாக்கித் தடை போட மாநிலச் சட்டம் பெரும்பாலும் இடம் தராது. டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தில் நகராட்சிகள் வெளிப்படையாக எடுத்துச் செல்வதைத் தடுக்கலாம், டென்வர் தடுத்திருக்கிறது. பக்கத்து ஊரில் சரியானது டென்வர் எல்லைக்குள் குற்றமாகலாம். எனவே ஊர் மாறும்போது மாநிலச் சட்டத்தோடு நகராட்சிச் சட்டத்தையும் படியுங்கள்.

இப்போதைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம், "விசாவில் இருப்பதால் எனக்குச் சட்டப்படி முடியாது" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நிலை தெரிந்தும் கொடுத்தால் அவர் மீதும் வழக்கு வரும். இரவுப் பயணத்தில் பயம் என்றால், அலுவலகத்தில் கேட்டு ஷிஃப்டை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது பார்க்கிங் வரை செக்யூரிட்டியை உடன் வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்திருந்தால், அதைத் தொடாமல், யாரிடமும் விளக்கம் சொல்லாமல், முதலில் குடியேற்றச் சட்டமும் குற்றவியலும் தெரிந்த வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.