இல்லாத பாதம் எரிகிறது

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். 2002-ல் எல்லையில் கண்ணிவெடியில் சிக்கி, இடது கால் முட்டுக்குக் கீழே போயிற்று. இப்போது ஊரோடு ரப்பர் தோட்டம் பார்க்கிறோம். இரண்டு வருஷமாகச் செயற்கைக்காலை மாட்டினாலே கரண்டு அடித்த மாதிரி துடிக்கிறார். ராத்திரியில் இல்லாத பாதம் எரிகிறது, ஊறுகிறது, சொறிந்து விடு என்கிறார். வைத்திய ஆசானிடம் தைலம் போட்டுத் தடவினோம், வலி கூடிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் முதுகில் மெஷின் வைக்கலாம், பல லட்சம் ஆகும் என்றார். மனசுதான் காரணம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஊசியோடு தீராதா?
– ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: சொந்தக்காரர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டவர்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர், நரம்பில் அடிபட்டவர்களின் எரிவலியைப் பற்றி 1864-லேயே எழுதிவிட்டார். இல்லாத உறுப்பின் உணர்வுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். இது மனப்பிரமை இல்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு வலிகள் இருக்கின்றன. பகலில் கால் மாட்டும்போது வருவது ஒன்று, ராத்திரி எரிவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் இத்தனை அலைச்சல்.

முதல் வலிக்குக் காரணம் பெரும்பாலும் நியூரோமா. அறுந்த நரம்பு மறுபடி வளரப் பார்க்கும். போய்ச் சேர இடமில்லாமல் முனையிலேயே சுருண்டு முடிச்சாகிவிடும். விரலால் லேசாகத் தட்டினாலே ஷாக் அடிக்கும். அதன்மேல் அழுத்தித் தடவினால் வலி கூடத்தான் செய்யும். ஆசானைக் குறை சொல்லவில்லை, அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஊசிக்கு முன்னால் செயற்கைக்காலின் சாக்கெட்டை, அதாவது வெட்டுப்பட்ட காலைச் செருகும் கிண்ணத்தை, காட்டுங்கள். உடம்பு மெலிந்தாலும் பெருத்தாலும் பழைய சாக்கெட் முடிச்சில் போய் உரசும். அதை மாற்றியதோடு வலி விட்டவர்களும் உண்டு.

அதற்கும் அடங்கவில்லையென்றால் நீங்கள் கேட்க வேண்டியது 'டயக்னாஸ்டிக் பிளாக்'. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே முடிச்சுக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சமாகப் போடுவார்கள். சில மணி நேரம் வலி நின்றால் குற்றவாளி அந்த நரம்புதான். நிற்காவிட்டால் அதே இடத்தில் மேலும் மேலும் ஊசி போட்டுப் பயனில்லை. சின்ன ஊசிதான், ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதே இதை வைத்துத்தான்.

நரம்பு உறுதியானால் வழிகள் உண்டு. ஒன்று, பல்ஸ்டு ரேடியோ அலை, அதாவது ஊசி வழியாக ரேடியோ அலையை விட்டுவிட்டு நரம்புக்கு அனுப்புவது. ஊசி முனை 42 டிகிரியைத் தாண்டாது, அதனால் நரம்பு கருகாது. இன்னொன்று கிரையோ, அதாவது உறைய வைப்பது. தீயணைப்பு சிலிண்டரைத் திறந்தால் வாயில் பனி படிவதை உங்கள் வீட்டுக்காரர் பார்த்திருப்பார். அடைத்து வைத்த வாயு சட்டென்று விரிந்தால் குளிரும். அதே தத்துவம்தான், ஊசி முனையில் மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போகும். நரம்பின் உறை அழியாததால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அது திரும்ப வளரும். ஆகவே நிவாரணம் மாதக்கணக்கில்தான், ஆயுசுக்கும் இல்லை. தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை இருக்கிறதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதுகு மெஷின் ஏமாற்று வேலை இல்லை. 1967 முதல் இருக்கிறது. தண்டுவடத்துக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி. ஆனால் அது கடைசிப் படி. அப்போதும் முதலில் மெல்லிய ஒயரை மட்டும் உள்ளே விட்டு, பேட்டரியை வெளியே வைத்துச் சில நாள் சோதிப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் உள்ளே பொருத்துவார்கள். சோதனை இல்லாமல் நேராகப் பொருத்தலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை எடுக்கும் முன், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் பாலிகிளினிக்கில் வலி மருத்துவரிடம் அனுப்பும் ரெஃபரல் கடிதம் கேளுங்கள்.

நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், கபாபென்டின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால், ராணுவ கேன்டீன் மதுக்குப்பி கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு அடங்கிவிடக்கூடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் தப்பு.

ராத்திரி எரிவது மூளை வரைந்து வைத்திருக்கும் பாதம். அதற்குச் செலவில்லாத வைத்தியம் முகம் பார்க்கும் கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்டது. 2007-ல் அமெரிக்காவில் கால் இழந்தவர்களிடம் தினம் 15 நிமிடம், நாலு வாரம் செய்து பார்த்தார்கள். கண்ணாடி பார்த்த எல்லாருக்குமே வலி குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. நீளமான கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, வெட்டுப்பட்ட காலை அதன் பின்னால் மறைத்து, வலது பாதத்தை மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் தெரியும் பாதத்தையே அவர் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ராத்திரி சொறியச் சொன்னால் கண்ணாடியை வைத்து, அவர் வலது பாதத்தைச் சொறிந்து பாருங்கள். சிலருக்கு அதில் அடங்கிவிடுகிறது.