2013-ல் பிட்காயினைப் பார்த்துச் சிரித்தவனிடம் கேளுங்கள்

பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். உடன் வேலை பார்த்த பையன் ஒருவன், பிட்காயின் என்ற இணையத்தில் மட்டுமே இருக்கும் டிஜிட்டல் காசை வாங்கச் சொன்னான், "இதுவும் ஈமுதான்டா" என்று விரட்டிவிட்டேன். அப்புறம் பல வருடம் இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். வந்த கேள்விகளில் சில.

அண்ணா, அன்றைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருந்தால் இன்று கோடீஸ்வரன்தானே?

கணக்குப்படி ஆமாம். 2013 ஜனவரியில் ஒரு பிட்காயின் சுமார் 13 டாலர், 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் நான் நூறு ரூபாய்க்கு வாங்கிய ஷேர் நூற்று இருபது ஆனதும் விற்று பைக்குக்கு டயர் மாற்றியவன். 13 டாலர் 130 ஆனபோதே விற்றிருப்பேன். அதையும் தாண்டி வைத்திருந்தால் 2013 நவம்பரில் ஆயிரம் டாலர், அடுத்த பிப்ரவரியில் பிட்காயின் வாங்கி விற்கும் சந்தையான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவால், 2015 ஜனவரியில் 200 டாலருக்கும் கீழே. அந்த ஒரு வருடத்தில் தூங்கியிருப்பேனா?

சார், அப்படியானால் உங்கள் சந்தேகம் சரிதானா?

சந்தேகப்பட்டது தப்பில்லை, படிக்காமல் தீர்ப்புச் சொன்னதுதான் தப்பு. ஈமுவில் மாதாமாதம் பணம் தருவதாக ஒரு கம்பெனி சொன்னது, கம்பெனி போனதும் எல்லாம் போச்சு. பிட்காயினில் வட்டி தருவதாகச் சொல்ல ஆளே கிடையாது. மொத்தமே 2.1 கோடி காயின்தான், புதிதாக வருவதும் ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ அதை விளக்கி 2008-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்பதே பக்கம். ஒரு பஸ் பயணத்தில் முடித்திருக்கலாம்.

2018-ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வந்ததும் பயந்து விற்றேன். இன்றுவரை மனசு ஆறவில்லை. (ஓர் இல்லத்தரசி)

அந்த ஏப்ரலில், கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசு, வியாபாரம் செய்பவர்களுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்கே உத்தரவு வந்ததே அம்மா, பயப்படாமல் எப்படி? நீங்கள் விற்றபின் டிசம்பரில் விலை 4,000 டாலருக்கும் கீழே இறங்கியது, அன்றைக்கு நீங்கள் கெட்டிக்காரி. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2020 மார்ச்சில். முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

உங்களிடம் சொன்ன அந்தப் பையன் இப்போது பங்களாவில் இருக்கிறானா?

இல்லை. பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விற்றுவிட்டான், காயினுக்கான பர்ஸ் மாதிரியான வாலட் அதில்தான் இருந்தது. காயினை எடுக்கத் தேவையான ரகசியச் சாவி எண்ணான பிரைவேட் கீயை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. காயின் இன்னும் பிளாக்செயினில், அதாவது எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கேட்டில், அப்படியே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம், எடுக்கத்தான் முடியாது. என்னைவிட அவனுக்குத்தான் வலி அதிகம்.

விட்டதைப் பிடிக்க நகையை அடகு வைத்து இப்போது வாங்கலாமா?

வேண்டாம். லாபம் வந்தால் 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடிப்பார்கள். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அடகுக்கடை வட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்களிடம் இப்போதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்து விலை 16,000 டாலர் பக்கம் வந்தபோது, கை நடுங்க நடுங்கக் கொஞ்சம் வாங்கினேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.