ஆசிடை ஓரமாக வையுங்கள், முதலில் உப்பு போகட்டும்

கேள்வி: அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 மூன்று வருடமாக உவரியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. சைலன்சர், ரிம், மட்கார்டு எல்லாம் துரு. செயின் பக்கம் மசையும் மண்ணும் கல்லாகிக் கிடக்கிறது. "ஆசிட் விட்டால் அரை மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும்" என்கிறார் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர். நானே செய்து பார்க்கலாமா? அப்புறம் மூடி வைக்க பிளாஸ்டிக் கவர் வாங்கலாமா?
— உவரி வாசகர்

பதில்: பளிச்சென்று ஆகும், பொய்யில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு?

பாளையங்கோட்டையில் குடியிருந்தபோது நானும் இந்தக் கூத்தைச் செய்திருக்கிறேன், தம்பி. பாத்ரூம் கழுவுகிற ஆசிடை ஒரு பழைய ரிம்மில் ஊற்றி, அறையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். துரு போயிருந்தது, மேலே பளபளக்கிற குரோம் பூச்சும் கூடவே போயிருந்தது. மறுநாள் பார்த்தால், அதே அறையில் ஆணியில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் எல்லாம் தேரி மண் பூசினாற்போலச் சிவந்து கிடந்தன. ஆசிட் ஆவி செய்த வேலை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குரோமைக் கரைத்துவிடும். மட்கார்டில் இருக்கும் குரோம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்கூட இருக்காது, கனமெல்லாம் அதற்கு அடியில் உள்ள நிக்கலுக்குத்தான். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி உங்களுடையது. இருக்கிற குரோமைக் கரைத்துவிட்டு அப்புறம் எங்கே போய்த் தேடுவீர்கள்?

உங்கள் ஊரில் துருவைவிடப் பெரிய எதிரி உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு வண்டி மேல் படிந்து, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாவிட்டாலும் இரும்பு நனைந்தபடிதான் நிற்கிறது என்று வையுங்கள். அதனால் தேய்ப்பதற்கு முன்னால் கழுவுங்கள். நல்ல தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து, மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்போக்ஸ் ரிம்மில் ஏறும் இடம், சைலன்சர் கிளாம்ப் இடுக்கு எல்லாம் பிரஷ் விட்டு இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைத் தொடவே வேண்டாம், உப்பை உப்பால் கழுவிய கதையாகும். குடத்தில் பிடித்து வைத்த குடிதண்ணீர் நாலு குடம் செலவானாலும் பரவாயில்லை.

காய்ந்ததும் ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும். ஒட்டுகிற இடம் இரும்பு. எஞ்சின் மூடியும் சக்கரத்தின் நடு ஹப்பும் ஒட்டாது, அவை அலுமினியம். கீழே சொல்லப்போகும் புளிப்பு வைத்தியம் எதுவும் அவற்றுக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

குரோம் பூசிய இடங்களுக்கு, பரோட்டா பார்சல் மடிக்கிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் முக்கித் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மெதுவானது, கீறாது. துருப்புள்ளி கரும்பழுப்பாகக் கூழாகி வரும். துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு ரிம்முக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும், அவசரப்படாதீர்கள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் உப்புத்தாளும் குரோம் பக்கமே வரக்கூடாது. குரோம் கொப்புளித்து உரிந்திருக்கும் இடத்தை யாராலும் தேய்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. அங்கே துருவை மட்டும் எடுத்துவிட்டு, லேசாக எண்ணெய் தொட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

கழற்றி எடுத்த நட்டு, போல்ட்டு, சின்ன பிராக்கெட்டுகளுக்கு நம் வீட்டு வழியே சரி. பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே புளிப்புத்தான் இங்கேயும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஐம்பது கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேயுங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பித்துவிடும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் வெந்நீரில் ஒரு அலசு, உடனே துடைத்து வெயிலில் போட்டு, சூடு ஆறுவதற்குள் எண்ணெய். இந்தக் கடைசி வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளினால், காலையில் செய்ததெல்லாம் வீண். சுத்தமான இரும்பு கண்ணெதிரே சிவக்கும். போல்ட்டில் இருந்த துத்தநாகப் பூச்சும் இதில் கரைந்து போயிருக்கும் என்பதால் அந்த எண்ணெய் கட்டாயம். ஸ்பிரிங்குகளையும் செயினையும் மட்டும் எந்தப் புளிப்பிலும் போடாதீர்கள். கடினமாக்கிய எஃகு அமிலம் பட்டால் முறியும் குணத்துக்கு வரும்.

செயினுக்கு மண்ணெண்ணெயோ டீசலோ. பெட்ரோல் வேண்டாம். கல்லான மசையை முதலில் மூங்கில் குச்சியால் சுரண்டிவிட்டு, பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு. மூன்று வருடம் நின்ற செயினில் கண்ணிகள் மடங்காமல் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதில் காசு பார்க்காதீர்கள். கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசி வைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. ஆடிக் காற்றில் பறக்கிற தேரி மணல் அதில் ஒட்டினால் செயினுக்கு அதுவே அரம். செயினுக்கென்று விற்கிற ஆயிலைக் கொஞ்சமாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பிரேக் டிரம் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது.

முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் பைப்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்குகிற குழி இருந்தால், எவ்வளவு பளபளப்பாக்கினாலும் ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். அது மெக்கானிக் வேலை. டேங்கின் உள்பக்கத் துருவும் அப்படியே. உள்ளே பார்க்க வேண்டுமானால் டார்ச் அடித்துப் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். ரோட்டில் இறக்குமுன் பிரேக்கையும் அவரிடமே காட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக் கவர் வாங்காதீர்கள். உள்ளே வியர்த்து, நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் ஒரே மழைக்காலத்தில் கெடுத்துவிடும். வேப்பமரத்தடியை விட்டுத் தார்சாவுக்கு, அதாவது கூரையுள்ள வீட்டு முன்கூடத்துக்கு ஏற்றி, ஒரு பழைய பருத்தி வேட்டியைப் போர்த்துங்கள். மாதம் ஒருமுறை அந்த வேட்டியையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும். உப்பு அதிலும் ஏறியிருக்கும்.